சூப்பர்சார்ஜரும் சாதாப் பெட்ரோலும்

வயது ஆனதால் நான் ஓய்வு பெறவில்லை. ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு கியர் பாக்ஸைத் தூக்கும்போது என் இடுப்பில் இருந்த டிஸ்க் ஒன்று ஒரேயடியாக ராஜினாமா செய்தது. அதன் பிறகு எஸ்தர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். எஸ்தர் என் மனைவி. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் நர்ஸ். அவள் உட்காரச் சொன்னால் மாவட்ட ஆட்சியரும் உட்கார்ந்துவிடுவார். ஆக, எனக்கு இப்போது கை சும்மா இருக்கிறது, வாய் இருக்கிறது, ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருக்கிறீர்கள். மாட்டிக்கொண்டீர்கள்.

"சார், வண்டிக்கு சூப்பர்சார்ஜர் மாட்டறது கஷ்டமா?" என்று போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள். மாட்டுவது கஷ்டமே இல்லை. பெட்டிக்குள் படம் போட்ட புத்தகம் வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் மாட்டிவிடலாம். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது, நான் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. மாட்டி முடித்த பிறகு சாவியை எப்போது கொடுப்பது, எப்போது கொடுக்காமல் இருப்பது என்பது மட்டும் அந்தப் புத்தகத்தில் இருக்காது. அதற்காகத்தான், நான் கையால் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் நடந்த இர்ஃபான் கதை.

இர்ஃபானுக்கு ஆம்பூரில் தோல் தொழிற்சாலை. நம் ஷெட் ஆற்காட்டில் இருப்பதால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள்தாம் நமக்கு வாழ்வளிப்பவர்கள். வெளிநாட்டுத் தோல் சந்தைக்குப் போனால் மற்றவர்கள் சாக்லேட் வாங்கி வருவார்கள். இவர்கள் புளோயர், அதாவது சூப்பர்சார்ஜர், வாங்கி வருவார்கள். இர்ஃபானும் அப்படித்தான் ஒருநாள் ஒரு அட்டைப் பெட்டியோடும் அரைக் கிலோ மக்கன் பேடாவோடும் வந்தான். வாடிக்கையாளர் முதலில் இனிப்பைக் கொடுத்தால் கேட்கப்போகிற வேலை மோசமானது என்பது என் அனுபவம்.

அவன் வண்டி ஜப்பானில் செய்த, இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய கார். அந்த இன்ஜினை இப்போது யாரும் செய்வதில்லை. இந்த நாட்டில் தேடினால் இன்னொன்று கிடைக்காது. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அது போய்விட்டால் வண்டி வாசலில் துணி போர்த்திய சிலை. எட்டு வருடமாக ஆசைப்பட்டு, வீட்டில் சண்டை போட்டு அவன் வாங்கிய வண்டி. இந்த ஒரு விஷயத்தை மட்டும் கடைசிவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் எண்ணெய், கரி.

அதோடு அது ஹை கம்ப்ரஷன் இன்ஜின். அதாவது, பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்றையும் பெட்ரோலையும் மற்ற இன்ஜின்களைவிட அதிகமாக நசுக்கும். பிறவியிலேயே கோபக்காரன். சூப்பர்சார்ஜர் என்ன செய்யும்? வெளியிலிருந்து இன்னும் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும். நசுக்கியதை வாங்கி மறுபடி நசுக்கினால் சூடு எகிறும். தீப்பொறி வருவதற்கு முன்பே, அல்லது வந்த பிறகு ஏதோ ஒரு மூலையில், கலவை தானாக வெடிக்கும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். கொஞ்ச நேரம் நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை.

சாப்பிடும்போது இதை எஸ்தரிடம் விளக்கினேன்.

"ஏற்கெனவே பி.பி. ஜாஸ்தியா இருக்கிற ஆளுக்கு டிரிப்ஸ் வேற ஏத்தப் போறீங்க" என்றாள்.

"மெதுவா ஏத்துவோம்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. அப்பறம் எங்க வார்டுக்கு வர்றாங்க."

முறையாகச் செய்வதென்றால் இன்ஜினைப் பிரித்து, கம்ப்ரஷன் குறையும்படி வேறு பிஸ்டன் போட்டு, பிறகு காற்றைத் திணிக்க வேண்டும். இர்ஃபான் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்ஜினத் தொறக்கக் கூடாதுணா. ஜப்பான்காரன் மூடினது மூடினபடியே இருக்கணும்" என்றான். பரம்பரை வீட்டின் பூஜை அறைக் கதவைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. மசூதிக்குப் போகிறவன் வாயிலிருந்து வந்ததால் மரியாதை இன்னும் கூடியது. சரி, கொஞ்சமாகத் திணிப்போம், திணிக்கிற காற்றை நன்றாகக் குளிர வைப்போம், தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துவோம் என்று முடிவானது. தவறான முடிவில்லை. கத்தி மேல் நடக்கிற முடிவு, அவ்வளவுதான்.

புளோயரைச் சுற்றுவது இன்ஜினிலிருந்து போகும் ஒரு பெல்ட். புளோயர் மூக்கில் ஒரு சக்கரம் இருக்கும், புல்லி. அது சின்னதாக இருந்தால் வேகமாகச் சுற்றும், காற்று ஜாஸ்தி வரும். பெரிதாக இருந்தால் கம்மி. பெட்டியில் சின்னது ஒன்று, பெரிது ஒன்று என்று இரண்டு இருந்தன. எதை மாட்டச் சொன்னான் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

அவசரத்துக்குக் காரணம் ஃபைசல். இர்ஃபானின் அக்கா வீட்டுக்காரர், வாணியம்பாடிக்காரர், ஜெர்மன் கார் வைத்திருப்பவர். சென்னைப் பக்கத்துப் பந்தயத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமை சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஓட்டலாம் என்று ஏற்பாடு. மச்சானும் மைத்துனனும் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் பிரியாணி பரிமாறும்போது ஃபைசல், "இர்ஃபானுக்குக் கொஞ்சமா வைங்க, வண்டி இழுக்காது" என்பாராம். மனிதன் எதையும் மன்னிப்பான், பிரியாணி முன்னால் சொன்னதை மன்னிக்க மாட்டான்.

வேலை முடிந்தது. இர்ஃபான் சென்னையிலிருந்து உயர்ந்த ரகப் பெட்ரோலைக் கேன்களில் கொண்டு வந்திருந்தான். காலை வெயில் ஏறுவதற்கு முன், பெரிய மின்விசிறிகளை முன்னால் நிறுத்தி, வண்டியை உருளை மேல் ஏற்றி ஓட விட்டு, லேப்டாப்பில் டியூன் செய்தேன். இன்ஜினின் சக்தியைக் காட்டும் கிராஃப் மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது. நான் அழகான பொருள்களை ரசிக்கத் தெரிந்தவன், கலை பற்றிய கனமான புத்தகங்களைப் படித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோடுபோல் ஒன்றைப் பார்த்ததில்லை. பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டலாமா என்று நினைத்தேன். நாக்கிங் சுத்தமாக இல்லை.

இர்ஃபான் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "சூப்பர்ணா. சாம்பிள் அப்ரூவ்டு."

அந்தச் சொல்தான் என்னை நிறுத்தியது.

தோல் தொழிலில் சாம்பிள் என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திமிரியிலிருந்தும் காவேரிப்பாக்கத்திலிருந்தும் வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரனுக்கு முதலில் ஒரு தோலை அனுப்புவார்கள். அதை மகளைப் பெண் பார்க்க வரும்போது அலங்கரிப்பதுபோல் அலங்கரிப்பார்கள். நல்ல தோலாகத் தேர்ந்தெடுத்து, சின்ன டிரம்மில் தனியாகப் போட்டு, சாயம், பளபளப்பு எல்லாம் கைப்பக்குவமாகப் பார்த்து அனுப்புவார்கள். அவன் சரி என்று கையெழுத்துப் போடுவான். அப்புறம் பெரிய டிரம்மில் மொத்தச் சரக்கு இறங்கும். அதற்குப் பெயர் பல்க். சாம்பிளுக்கும் பல்க்குக்கும் உள்ள உறவு, கல்யாண போட்டோவுக்கும் கல்யாணத்துக்கும் உள்ள உறவு.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இர்ஃபான், நீ வெளியில இருந்து தோலு வாங்கறப்போ எதப் பாப்ப?"

"இன்னாணா, திடீர்னு?"

"சும்மா சொல்லு. அடுக்கி வெச்சிருக்கான். மேல இருக்கிற தோலப் பாப்பியா?"

சிரித்தான். "மேல இருக்கிறத எவன் பாப்பான்? அது நமக்காகவே வெச்சிருக்கிறது. நடுவுல கைய வுட்டு ஒண்ணு உருவுவேன். வெளிச்சத்துல கொண்டாந்து பாப்பேன்."

"ஏன்?"

"அதுதானணா மெய்யான சரக்கு."

"இப்ப நீ பாத்தது மேல் தோலு. காலைல குளிர்ச்சி, கேன் பெட்ரோலு, ஃபேனு. நீ இத ஓட்டப் போறது இந்த ஊருல, இந்த மாசத்துல. நடுவுல ஒண்ணு உருவலாமா?"

அவன் முகம் மாறியது. தான் விற்கும்போது செய்வதை, வாங்கும்போது தனக்கே செய்துகொண்டான் என்பது அவனுக்குப் புரிய நேரமாகவில்லை. வியாபாரி. ஆனால் சிரிப்பு போய்விட்டது.

"உருவுங்க" என்றான்.

நம் தொழிலில் உருவுவது எப்படி என்று கேளுங்கள். டேங்க்கைக் காலி செய்தோம். ரோட்டோரம் கண்ணில் பட்ட முதல் பங்க்கில் சாதாப் பெட்ரோல் போட்டோம். அந்தப் பெட்ரோலில் ஒரு குறையும் இல்லை. ஊரில் எல்லாரும் போடுவதுதான். அதுதான் நமக்கு வேண்டும். உச்சி வெயில். அக்னி நட்சத்திரம். ஏ.சி.யைப் போட்டோம். இரண்டு பேர் உட்கார்ந்தோம். எங்கள் எடையைப் பற்றி எஸ்தர் அவ்வப்போது பேசுவாள், இங்கே வேண்டாம். திமிரி ரோட்டில் ஒரு கரும்பு டிராக்டர் பின்னால் நகர்ந்து நகர்ந்து போனோம், இன்ஜின் நன்றாக வேகும்வரை.

கம்ப்யூட்டருக்கும் நாக்கிங்கைக் கேட்க ஒரு காது உண்டு. ஆனால் புளோயர் போடும் ஊளையில் அதற்கும் சந்தேகம் வந்துவிடும். அதனால் இன்ஜினில் ஒரு செப்புக் குழாயை நசுக்கி போல்ட் வைத்து இறுக்கி, அதிலிருந்து ரப்பர் குழாயை உள்ளே இழுத்து, எஸ்தரின் பழைய ஸ்டெதஸ்கோப்போடு சேர்த்திருந்தேன். அதை என் காதில் மாட்டிக்கொள்ளவில்லை. இர்ஃபான் காதில் மாட்டினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தியை நாம் கேட்டுச் சொன்னால் அது நம் கருத்து. அவனே கேட்டால் அது செய்தி.

டிராக்டர் ஒதுங்கியது. முன்னால் யாரும் இல்லை. மிதித்தேன். வண்டி பாய்ந்தது. முதுகு இருக்கையில் அழுந்தியது, டிஸ்க் அப்போதே தன் இருப்பைத் தெரிவித்தது. இர்ஃபான் கையைத் தூக்கினான்.

"வுடுணா, வுடுணா. காலை எடு."

எடுத்தேன். வண்டியை ஓரம் கட்டினேன். அவன் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா கேட்டுச்சி?"

"மணல்ல கடலை பொரியற மாதிரி."

"அது கடலை இல்ல. உன் பிஸ்டன்."

ஷெட்டுக்கு வந்து பெரிய புல்லியை மாட்டினோம். தீப்பொறியை இன்னும் பின்னால் தள்ளினேன். கிராஃப் தலை குனிந்தது. சுவரில் ஒட்டும் அழகு அதற்கு இல்லை. அதே பெட்ரோல், அதே ரோடு, அதே வெயில். இர்ஃபான் காதில் இப்போது கடலை பொரியவில்லை. புளோயர் இல்லாத காலத்தைவிட வண்டி நன்றாகவே இழுத்தது. கையைக் குலுக்கிவிட்டுப் போனான். வேலை முடிந்தது என்று நினைத்தேன். நினைப்பது என் பழக்கம், எஸ்தர் கண்டிக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் வந்துவிட்டான். இந்தத் தடவை பேடா இல்லை. கையில் போன். ஃபைசல் தன் காரை பெங்களூரில் டியூன் செய்து, அதன் கிராஃபை வாட்ஸப்பில் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். கீழே இர்ஃபானின் அக்காவே சிரிக்கும் பொம்மை போட்டிருந்தாள்.

"சின்ன புல்லியப் போட்டுக் குடுங்கணா" என்றான்.

"நீதானே கேட்டே, கடலைய?"

"அது சாதாப் பெட்ரோலு. நாளைக்கி நல்ல பெட்ரோல் மட்டும்தான் ஊத்துவேன். கேன் வாங்கி வெச்சிட்டேன். காலைல ரேஸு, குளிர்ச்சியா இருக்கும். நீங்க டியூன் பண்ணினப்போ சத்தம் வர்லியே."

தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் கவனம் தேவை. முட்டாள்தனமான கோரிக்கையை மறுப்பது எளிது. அவன் சொன்னது முட்டாள்தனம் இல்லை. அத்தனையும் உண்மை. அந்தப் பெட்ரோலில், அந்தக் குளிர்ச்சியில், சின்ன புல்லியோடு அந்த இன்ஜின் ஓடும். நானே ஓட்டிக் காட்டியிருந்தேன். என்னிடம் இருந்த தொழில்நுட்ப பதில் தீர்ந்துவிட்டது.

"ரேஸு முடிஞ்சதும் வண்டி எப்டி வரும்?" என்று கேட்டேன்.

"ஓட்டிக்கினு வருவேன்."

"என்ன ஊத்தி?"

"மிச்சம் இருக்கிற கேன்."

"மிச்சம் இல்லன்னா?"

"மெதுவா வருவேன்."

"ஜெயிச்சிட்டு மெதுவா வருவியா?"

"தோத்துட்டு மெதுவா வருவியா?" என்றும் கேட்டேன். அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். காவேரிப்பாக்கம் தாண்டி நெடுஞ்சாலை நேராகக் கிடக்கும். வெயில் கொளுத்தும். பக்கத்தில் ஃபைசலின் கார் வரும், கண்ணாடி இறங்கும், பிரியாணி பற்றி ஏதாவது ஒரு வார்த்தை வரும். நான் இன்ஜினை நம்பலாம். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு இர்ஃபானின் வலது காலை நம்ப முடியாது. நாம் டியூன் செய்கிற பொருள்களில் மிதிக்கிற காலும் உண்டு; லேப்டாப்பில் அதற்குத் தனியாகப் பக்கம் கிடையாது.

"மாட்ட மாட்டேன்" என்றேன்.

"வண்டி என்துணா."

"உன்துதான். அதனாலதான்."

"வேற ஷெட்டுல மாட்டிக்கிறேன்."

இங்கே இரண்டு வழி இருந்தது. சின்ன புல்லியை எங்கேயோ வைத்துவிட்டேன், தேட வேண்டும், திங்கட்கிழமை வா என்று சொல்லலாம். நம் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் மறுக்கிறார்கள். வாடிக்கையாளன் நம்மைத் திருடன் என்றோ சோம்பேறி என்றோ நினைத்துக்கொண்டு போவான். எதற்காக மறுத்தோம் என்பது மட்டும் அவன் தலைக்குள் போகாது. நான் அலமாரியைத் திறந்து, புல்லியைத் துடைத்து, அவன் கையில் கொடுத்தேன்.

"உன் சாமான். எடுத்துக்கினு போ. மாட்றவன்கிட்ட சாதாப் பெட்ரோல்ல என்ன கேட்டேன்னு நீயே சொல்லு. அவன் அதக் கேட்டும் மாட்னா மாட்டட்டும்."

அவன் அதைக் கையில் உருட்டிப் பார்த்தான். வண்டியில் ஏறி, புல்லியைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுக் கிளம்பினான். நன்றி, சலாம் எதுவும் இல்லை. என் தன்னம்பிக்கைக்குப் பெரிய குறை வரவில்லை. சரியாகத்தான் செய்தேன் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நல்ல வாடிக்கையாளர் ஒருவர் போகும்போது சைலன்சர் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, போனைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "பேஷண்ட் நல்லா இருந்தா யாரும் போன் பண்ண மாட்டாங்க" என்றாள் எஸ்தர். ஆறுதலுக்கு அவளிடம் போகக்கூடாது.

வெயில் சாயத் தொடங்கும் முன் ஷெட் வாசலில் அந்த ஊளை கேட்டது. எழுந்து போனேன். வண்டியிலிருந்து இர்ஃபான் இறங்கினான். பானெட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். பெரிய புல்லிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாட்டலியா?"

"ஒரு ஷெட்டுக்குப் போனேன். எல்லாம் கேட்டுட்டு, மாட்டித் தர்றேன்னான்."

"அப்பறம்?"

"கேட்டுட்டும் மாட்டறேன்றான்ணா. அந்த ஆளுகிட்ட என் வண்டிய எப்டி வுடறது?"

"ரேஸு?"

"தோத்துட்டேன். ஒரு வண்டி நீளம்." அதைச் சொல்லும்போது அவனுக்கு வலித்தது. வலிக்காததுபோல் காட்டிக்கொள்ளவும் இல்லை.

அப்போதுதான் பக்கத்து இருக்கையில் இன்னொருவர் இருப்பதைப் பார்த்தேன். பெரிய உடம்பு, நல்ல சட்டை, மடியில் பளபளக்கும் கோப்பை. ஃபைசல். சின்ன வண்டிக்குள் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தார்.

"உங்க கார் எங்க பாய்?" என்றேன்.

அவர் கோப்பைக்குள் எதையோ தேடினார். இர்ஃபான்தான் பதில் சொன்னான். ஜெயித்த சந்தோஷத்தில் மச்சான் கேட்டவர்களுக்கெல்லாம் இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று ஓட்டிக் காட்டினாராம். கேன் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பங்க் பெட்ரோல் ஊற்றினால் இன்ஜினுக்கு நான் பொறுப்பில்லை என்று பெங்களூர்க்காரன் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். போன் செய்து கேட்டதற்கு மறுபடியும் அதையே சொன்னானாம். கார் அங்கேயே நிற்கிறது. நாளைக்கு லாரி போய் ஏற்றி வரும்.

"வழியில எங்க பெட்ரோல் போட்டே?" என்று இர்ஃபானிடம் கேட்டேன்.

"தெரியலணா. ஏதோ ஒரு பங்க்கு."

எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தொழிலில் கிடைத்ததில்லை.

"டீ சாப்டுட்டுப் போங்க" என்றேன். ஃபைசல் இறங்க முயன்றார். பிறகு, இறங்கினால் திரும்ப ஏறுவது உறுதியில்லை என்று முடிவெடுத்ததுபோல் அமர்ந்துவிட்டார். "ஏ.சி. மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணு மைத்துனா" என்றார், ரொம்பத் தணிந்த குரலில்.

இர்ஃபான் ஏறினான். ஏ.சி.யை முழுதாகத் திருகினான். பெல்ட் போட்டான். ஆம்பூர்வரை ரோடு காலியாகத்தான் இருக்கும் என்று என்னிடம் சொல்லிவிட்டு மச்சான் பக்கம் திரும்பினான்.

"மச்சான், கோப்பைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கோ."